ஓரகத்தியின் மூக்கு

நவம்பர் 3, திங்கள்

புது நோட்டு. பழைய நோட்டில் பதினேழு வருடத்துப் பக்குவம் கிடக்கிறது. எந்தச் சட்டியை எத்தனை சூட்டில் இறக்கினேன், எந்த மாதம் முந்திரி சரியில்லை, எல்லாம். இந்த நோட்டு ஒரே ஒரு சாக்லேட்டுக்காக.

இன்று ஷைனி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினாள். அவள் அப்பா வைத்த சாக்லேட் கடைக்கு இப்போது அவள்தான் முதலாளி. மேல் குன்னூரில் பெரிதாக ஒரு சமையற்கூடம் எடுத்திருக்கிறாளாம். கிறிஸ்துமஸுக்குப் புதிதாக ஒரு அயிட்டம் வேண்டும். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி ருசி பார்ப்பாள். யாருடையது பிடிக்கிறதோ அவர் கையில் புதுக் கூடம். போட்டிக்கு இரண்டே பேர்தான். ஒன்று நான். இன்னொன்று, பெங்களூரில் படித்துவிட்டு ஆறு மாதம் முன்னால் வந்து சேர்ந்த பிரணவ். "இன்னொருத்தர் இங்கயே பேக்கிங்கைப் பார்த்துக்கலாம்" என்று ரொம்ப இனிமையாகச் சொன்னாள். பதினேழு வருடம் கிளறிவிட்டு இனி டப்பாவுக்கு ரிப்பன் கட்டவேண்டுமாம்.

போனில் ஒரு படம் காட்டினாள். துபாய் சாக்லேட். உள்ளே சேமியா மாதிரி நூல் நூலாக ஏதோ மொறுமொறுப்பு. "இந்த மாதிரி உள்ள க்ரிஸ்ப்பா ஒண்ணு, மேல நட்ஸ், தகடா ஊத்தி கையால உடைச்சு விக்கணும்."

"மொறுமொறுப்புக்கு எதுக்கும்மா துபாய் வரைக்கும் போகணும்? நம்ம ஊர்ல வர்க்கி இல்லையா?" என்றேன். டீயில் தொட்டுத் தின்கிற, அடுக்கு அடுக்காக நொறுங்குகிற வர்க்கி. நீலகிரியில் அது இல்லாத பேக்கரி கிடையாது. பிரணவ் சிரித்தான். ஷைனி சிரிக்கவில்லை. "பண்ணிக் காட்டுங்க அக்கா" என்றாள்.

காட்டுகிறேன்.

ஜலதோஷம் இன்னும் விடவில்லை. நெஞ்சிலும் மூக்கிலும் தைலம் தேய்த்திருக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

நேற்று முதல் சட்டி. கறுப்பு சாக்லேட் ஒரு கிலோ. கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பாத்திரம் வைத்து உருக்கி, கல்லில் ஊற்றி, இழுத்து இழுத்து ஆற்றி, மறுபடி கொஞ்சம் சூடு. சூடு பார்ப்பது என் வழியில்தான்: கீழ் உதட்டுக்கு அடியில் ஒரு சொட்டு. குளிர்ச்சியும் இல்லாமல் சூடும் இல்லாமல் இருந்தால் சரி. பிரணவ் அதற்கு ஒரு கருவி வைத்திருக்கிறான். வைத்துக்கொள்ளட்டும்.

நான்கு வர்க்கியை நொறுக்கிப் போட்டு, தட்டில் விரல் கனத்துக்கு ஊற்றி, மேலே வால்நட்டும் முந்திரியும் தூவினேன். ஆறியதும் உடைத்தபோது டக்கென்று சத்தம். பளபளப்பும் குறைவில்லை.

இன்று காலையில் வர்க்கி நமத்துப்போயிருந்தது. ஈரமான அட்டையைக் கடிப்பதுபோல. மழைக்காலம், மூடுபனி. வர்க்கிக்கு வெளியிலும் ஈரம், உள்ளேயும் ஈரம்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிலோமினா முதல் பெஞ்சில். நாங்கள் ஆறாவது பெஞ்சில்.

அவள் என் மூத்த ஓரகத்தி. வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அண்ணன் தவறிப்போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்திருக்கிறோம். அந்தப் பக்கம் அவள் தனியாக. மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவள் மகள் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்லி நானூறு சாக்லேட் செய்தேன். என் செலவு, என் உழைப்பு. அவள் ஒன்றை வாயில் போட்டுவிட்டு, சம்பந்தி வீட்டார் நிற்கும்போதே, "என்னடி அமலா, இது சாக்லேட்டா மெழுகுவர்த்தியா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது.

நான் மறக்கவில்லை. மறக்கவும் போவதில்லை.

இன்று அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்று இவர் சொன்னார். முன்னெல்லாம் யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் பால் தீய்ந்தது. பாத்திரத்தின் அடி கரியானதைப் பார்த்த பிறகுதான் இறக்கினேன்.

சாயங்காலம் இன்னொரு கூத்து. நான் மேஜையில் வர்க்கி நொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பிலோமினா கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே புகுந்து, அடுப்பைத் திருகி அடைத்து, இரண்டு ஜன்னலையும் திறந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வாயே திறக்கவில்லை. மூன்று வருடம் என் வாசலை மிதிக்காதவள்! காற்றில் அடுப்பு அணைந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். யாருக்குத்தான் நடக்காது?

மூன்றாவது சட்டி. முந்தாநாள் வர்க்கியை வாணலியில் நெய் விட்டு வறுத்துப் போட்டிருந்தேன். இரண்டு நாள்தான் தாங்கியது.

நவம்பர் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

ஜலதோஷம் இல்லை. செப்டம்பரில் வந்த காய்ச்சலோடு வாசனை போய்விட்டது. இனிப்பு தெரியும், கசப்பு தெரியும், உப்பு தெரியும். சாக்லேட் தெரியாது. வாயில் போட்டால் இனிப்பான சேறு. இரண்டு மாதமாகக் கடையில் கையை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அளவு மாறாத பழைய அயிட்டங்கள் என்பதால் வண்டி ஓடுகிறது. புதுசு ஒன்று செய்ய அது போதாது.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார். வேலையை விட்டுவிட்டு நான் யார்?

ஆனால் தைலம் மட்டும் தெரிகிறது. உறிஞ்சினால் மூக்குக்குள் சுள்ளென்று ஏறுகிறது. அப்படியென்றால் மூக்கு முழுதாகச் சாகவில்லை. காலையும் மாலையும் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு இழுக்கிறேன். வந்துவிடும்.

நவம்பர் 16, ஞாயிறு

ஐந்தாவது சட்டி. வீட்டுக்காரர் ஒரு துண்டு சாப்பிட்டார். "எப்படி?" "நல்லாயிருக்கு." இவருக்கு எல்லாமே நல்லாயிருக்கும், தீய்ந்த பாலில் போட்ட காபியையும் நல்லாயிருக்கு என்றவர். தேயிலை ஃபேக்டரியில் கூட வேலை பார்ப்பவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பா கட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

டப்பா காலியாக வந்தது. எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்களாம். நம்பிக்கை வந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

நம்பிக்கை போய்விட்டது.

மத்தியானம் வேலை முடிந்து வந்தேன். வாசலில் பிலோமினா கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு நிற்கிறாள். பிரித்துக் காட்டினாள். என் சாக்லேட். ஓரத்தில் மண்.

"பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால கிடந்துச்சு. என் கொழுந்தன் மூணு நாளைக்கு முன்னால அங்கதான் கொட்டினான். உன்கிட்ட சொல்ல அவனுக்குத் தைரியம் இல்ல."

"என்ன வேணும் உங்களுக்கு? மறுபடியும் ஊரைக் கூட்டிச் சிரிக்கணுமா?"

"அமலா, இதுல தைலம் அடிக்குது."

"என்னது?"

"தைலம்டி. நெஞ்சுல தேய்க்கிற தைலம். வாய்ல வெச்சா ஆஸ்பத்திரிக்குள்ள போன மாதிரி இருக்கு. எந்தக் குழந்தையும் துப்பிடும்."

சண்டைக்குத் தயாராகத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கை என் கண்ணில் பட்டது. காலையில் நாலு சொட்டு, மாலையில் நாலு சொட்டு. கழுவியிருக்கிறேன், சோப்புப் போட்டுத்தான். எண்ணெய் ஆயிற்றே, போயிருக்குமா? சாக்லேட்டோ பக்கத்தில் வெங்காயம் இருந்தால் வெங்காயத்தை வாங்கிக்கொள்ளும். இதைக் கடையில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறவளே நான்தான்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள். "எத்தனை நாளா மூக்கு போச்சு?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"கேஸ் நாத்தம் சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வருது. நீ அடுப்புக்கு ஒரு அடி தள்ளி உட்கார்ந்து வர்க்கி நொறுக்குற. இதுக்கு ஒருத்தர் சொல்லணுமா?"

அழுதேன். அவள் முன்னால் அழுதது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அழுதேன்.

நவம்பர் 22, சனி

கோயம்புத்தூரில் டாக்டரைப் பார்த்தோம். பிலோமினாதான் இழுத்துக்கொண்டு போனாள். காய்ச்சலில் நரம்பு அடிபட்டிருக்கிறதாம். ஆறு மாதத்தில் திரும்பலாம், ஒரு வருடத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். கிராம்பு, எலுமிச்சைத் தோல், காபித்தூள், ரோஜா என்று நான்கு சீசா வைத்து இரண்டு வேளையும் முகர்ந்து பழகச் சொன்னார். தைலத்தைப் பற்றிக் கேட்டேன். அது வாசனையே இல்லையாம், எரிச்சலாம். எரிச்சல் தெரிவதற்கு வேறு நரம்பு.

ஆக, மூன்று வாரம் எரிச்சலைத்தான் வாசனை என்று நினைத்துக் கையெல்லாம் பூசியிருக்கிறேன்.

பஸ்ஸில் மலை ஏறும்போது சொன்னேன், "எனக்கு இருபது நாள் இருக்கு. நான் பண்றேன், நீங்க மோந்து பார்த்துச் சொல்லுங்க."

"நான் சொன்னா உனக்குப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். சொல்லுங்க."

சாயங்காலம் இவரிடமும் சொல்லிவிட்டேன். சாக்லேட்டைக் கொட்டியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் கோபித்துக்கொண்டதாக நடித்தேன். இராச் சாப்பாட்டுக்குள் மறந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

கிராம்பு: இல்லை. எலுமிச்சை: இல்லை. காபி: இல்லை. ரோஜா: இல்லை.

நவம்பர் 27, வியாழன்

பிலோமினாவோடு வேலை செய்வதற்கு மாதாவின் பொறுமை வேண்டும்.

வால்நட்டைக் கையில் எடுத்ததுமே கீழே போட்டாள். "காறல்." நேற்றுத்தான் வாங்கியது என்றேன். "வித்தவன் நேத்து வித்தான். அது காஞ்சது எப்பவோ." மூன்று கடை ஏறி இறங்கினோம். கடைக்காரர்கள் முன்னால் ஒவ்வொரு பருப்பாக உடைத்து முகர்ந்து, முகத்தைச் சுளித்து, வேண்டாம் என்று நடந்தாள். எனக்கு மானம் போயிற்று. நான்காவது கடையில் தலையசைத்தாள்.

வர்க்கியிலும் அதே கதை. நான் வாங்கிக்கொண்டிருந்த பேக்கரியில் பழைய டால்டா வாடையாம். "மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி" என்றாள். பதினேழு வருடம் சாக்லேட் செய்தவளுக்கு நல்லது, கெட்டது என்ற இரண்டு சொல்தான் தெரியும். இவளுக்கு ஒவ்வொரு வாடைக்கும் ஒரு பேர் இருக்கிறது.

கல்யாண விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அன்று நான் போட்டது மட்டமான கொழுப்புதான். நானூறு செய்ய நல்ல சாக்லேட் கட்டுப்படியாகவில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பதுதான் என் கோபம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பிடித்துவிட்டேன்!

பன்னிரண்டாவது சட்டி. நொறுக்கிய வர்க்கியை மெல்லிய தணலில் அரை மணி நேரம் உலர்த்தினேன். பிறகு கோகோ வெண்ணெயை உருக்கி அதில் புரட்டி ஆறவிட்டேன். ஒவ்வொரு நொறுங்கலுக்கும் மேலே ஒரு கொழுப்புத் தோல். இனி ஈரம் எங்கே நுழையும்? சாக்லேட்டில் கலந்து ஊற்றி, மேலே வறுத்த வால்நட், வறுத்த நிலக்கடலை, கல் உப்பு நாலே நாலு கல். உப்பு எவ்வளவு என்பதை நானே முடிவு செய்தேன், அது என் நாக்குக்குத் தெரிகிறது. வறுப்பு எப்போது நிறுத்தவேண்டும் என்பதை அவள் சொன்னாள். அடுப்படி வாசலில் நின்று, "இப்ப. இப்ப இறக்கு. ஒரு நொடி விட்டாலும் போச்சு."

கடித்தாள். எனக்குக் கேட்டது, வர்க்கி நொறுங்குகிற சத்தம், சரசரவென்று. அவள் மென்றுகொண்டே இருந்தாள். நான் பரீட்சை எழுதியவள் மாதிரி நின்றேன்.

"இன்னொண்ணு குடு" என்றாள்.

மூன்று டப்பா மூடி வைத்திருக்கிறேன். பத்து நாள் கழித்து, பன்னிரண்டாம் தேதி திறப்பேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பெரிய சண்டை. பூசை முடிந்து வரும் வழியில் பிலோமினா அக்கா கேட்டாள், "ஷைனிகிட்ட மூக்கு விஷயம் எப்பச் சொல்லப்போற?"

"சொல்லமாட்டேன். கூடம் கைக்கு வரட்டும். வந்தப்புறம் வாசனையும் வந்துடும்."

"வரலேன்னா?"

"நீங்க வீட்ல இருக்கீங்களே."

"அங்க கெட்டுப்போன பால் பவுடர் வந்தா? எலி மருந்து பக்கத்துல வெச்ச சாக்கு வந்தா? நீ கிளறி, குழந்தைங்க தின்னணும், இல்ல? நான் இங்க சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மோந்து பார்க்கணுமா?"

"சொன்னா என்னை ரிப்பன் கட்ட உட்கார வெச்சிடுவாங்க!"

"கட்டு. கையிருக்கு இல்ல."

நடுரோட்டில் கத்தினோம். கோயிலுக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவளுக்கென்ன, அவள் வேலையா போகிறது?

டிசம்பர் 8, திங்கள்

காபி: இல்லை. மற்றதை முகரவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் டப்பாவைத் திறந்தேன். ஒரு துண்டை உடைத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கடித்தேன். பத்து நாள் ஆகியும் வர்க்கி நொறுங்கியது. அக்காவைக் கூப்பிட்டு முகரச் சொல்லலாமா என்று சுவரைப் பார்த்தேன். கூப்பிடவில்லை. கிளம்பிவிட்டேன்.

பிரணவ் செய்தது அழகு. பிஸ்தா பச்சை, துபாய் நூல், மேலே ரோஜா இதழ். ஷைனி இரண்டு துண்டு சாப்பிட்டாள். என்னுடையதில் ஒன்று எடுத்தாள். பிறகு ஒன்று. பேசிக்கொண்டே மூன்றாவதுக்குக் கை நீட்டினாள். பிரணவே, "நல்லா இருக்கு அக்கா, வர்க்கி எப்படி நமக்காம இருக்கு?" என்று கேட்டான். எனக்குக் கால் தரையில் இல்லை.

"இதுதான்" என்றாள் ஷைனி. கைதட்டினாள். அப்புறம் மேஜை மேல் மூன்று கட்டி சாக்லேட்டை வைத்தாள். புதுக் கூடத்துக்குச் சரக்கு அனுப்ப மூன்று பேர் மாதிரி கொடுத்திருக்கிறார்களாம். "எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க அக்கா. இனிமே உங்க முடிவுதான்."

மூன்றையும் உடைத்துப் பார்த்தேன். மூன்றும் டக்கென்று உடைந்தது. மூன்றும் பளபளப்பு. வாயில் போட்டேன். சேறு, சேறு, சேறு. நடுவில் இருப்பதைக் காட்டிவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. விரலைக்கூட நீட்டிவிட்டேன்.

குழந்தைங்க தின்னணும், இல்ல?

"எனக்கு வாசனை தெரியாதும்மா" என்றேன். "செப்டம்பர்லருந்து."

ஷைனி சிரித்தாள், வேடிக்கை என்று நினைத்து. நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். எல்லாவற்றையும் சொன்னேன். தைலம், கேஸ், அக்கா, கடை கடையாக ஏறி இறங்கியது. "இதுல பாதி என் ஓரகத்தியோட மூக்கு. கூடத்தைக் குடுக்கறதா இருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுங்க. இல்லேன்னா நான் ரிப்பன் கட்டுறேன்."

"மூக்குக்கு ஆள் எடுக்கறதை இப்பத்தான் கேள்விப்படறேன்" என்றாள். யோசித்துச் சொல்கிறாளாம்.

வீட்டுக்கு வந்து அக்கா கதவைத் தட்டினேன். சொல்லிவிட்டேன் என்றேன். "சாப்பிட்டியா?" என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஷைனி வீட்டுக்கே வந்தாள். மூன்று கட்டியையும் பேர் எழுதாத காகிதத்தில் சுற்றி அக்கா முன்னால் வைத்தாள். அக்கா ஒன்றை முகர்ந்து ஓரமாக வைத்தாள். இரண்டாவதை முகர்ந்து, "இதை ஈரத்துல வெச்சிருக்காங்க, பூஞ்சை வாடை" என்றாள். நான் வெள்ளிக்கிழமை விரல் நீட்டியது அதற்குத்தான் என்று ஷைனி பிறகு சொன்னாள். மூன்றாவதைக் கடித்துவிட்டு, "இது. ஆனா விலை ஜாஸ்தி சொல்வான், பேசி வாங்கு" என்றாள் முதலாளியிடம்.

ஒரு மாதம் பார்க்கலாம் என்று ஷைனி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா வெகுநேரம் கை கழுவிக்கொண்டே இருந்தாள். "ஐம்பத்தெட்டு வயசுல வேலைக்குப் போறேன்னா பொண்ணு சிரிக்கமாட்டா?" சிரித்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள் என்றேன்.

டிசம்பர் 17, புதன்

புதுக் கூடத்தில் மூன்றாவது நாள். கிறிஸ்துமஸ் ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. பன்னிரண்டு கிலோ உருக்கி, ஆற்றி, சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து, வர்க்கியைக் கொட்டப்போகிறேன். அக்கா வந்து குனிந்து முகர்ந்தாள். "இது வேண்டாம்" என்றாள்.

எல்லாரும் திரும்பினார்கள். ஆர்டருக்குக் கை கொடுக்க வந்திருந்த பிரணவ் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தான். "ஒண்ணும் இல்லையே?" ஷைனி வந்து சுவைத்தாள். "எனக்கும் எதுவும் தெரியலை. நேரம் இல்லக்கா."

அக்கா மறுபடி முகர்ந்தாள். அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒன்று: பயம். இத்தனை பேர் நடுவில், படித்தவர்கள் நடுவில். "என்னமோ ஒரு மாதிரி... சோப்பு மாதிரி... ஒருவேளை எனக்குத்தான்..." என்று இழுத்தாள்.

நானும் ஒரு சொட்டு வாயில் வைத்தேன். இனிப்பு, கசப்பு. வேறு எதுவும் இல்லை. எனக்கு எதையும் சரிபார்க்க வழியில்லை. இருப்பது அவள் சொல் ஒன்றுதான். அதை நம்பவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கூடத்தில் எனக்கு வேலை இல்லை.

இரண்டு கைப்பிடியையும் பிடித்துச் சட்டியைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன். பன்னிரண்டு கிலோவும். "பிரணவ், அந்தச் சட்டியை நல்லா சுடுதண்ணி விட்டு அலசச் சொல்லுங்க. புதுக் கட்டி எடுத்து வாங்க" என்றேன். அடுத்த சட்டிக்கு அக்கா தலையசைத்த பிறகுதான் வர்க்கியைக் கொட்டினேன். ஆறு மணிக்கு ஆர்டர் போய்ச் சேர்ந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா கேட்டாள், "நான் சொன்னது தப்பா இருந்திருந்தா?"

"இருந்தா இருக்கட்டும்."

"பன்னெண்டு கிலோடி, அமலா."

"தெரியும்க்கா. நான்தானே கிளறினேன்."

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். பஸ் வெளிச்சம் வளைவில் தெரிந்தபோது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த வருடம் குளிர் ஜாஸ்தி என்றாள். ஆமாம், ஜாஸ்திதான் என்றேன் நானும்.